தெய்வசிகாமணியின் வால்

வடவள்ளியில் ஜமீன் என்கிற நாய் ஒரு மயிலைத் துரத்திக்கொண்டு மொட்டை மாடியின் விளிம்பைத் தாண்டியது. மயில் பறந்துவிட்டது. தனக்குப் பறக்க வராது என்பது ஜமீனுக்கு நடுவானில்தான் உறைத்தது. கீழே செம்பருத்திச் செடி பாதி தாங்கியது. மீதியைச் சிமெண்ட் தரை தாங்கியது.

இது நடந்த காலத்தில் கோயம்புத்தூரின் மேம்பாலங்கள் எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தார்கள். அந்த அளவுக்கு எதிர்காலம்.

ஜமீனின் சொந்தக்காரர் தெய்வசிகாமணி ஒரு பம்ப் செட் கம்பெனியில் பணியாளர் மேலாளர். சம்பள உயர்வு, விடுப்பு, தண்டனை எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த வேலைக்கென்றே செய்து அனுப்பியது போல ஒரு முகம் அவருக்கு. விடுப்பு கேட்கப் போனவர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்று திரும்பியதுண்டு. வீட்டிலும் அதே முகம்தான். மனைவி ரங்கநாயகி எதைச் சமைத்து வைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் "இருக்கு" என்பார். உப்பு அதிகமானாலும் "இருக்கு", அமிர்தமாக அமைந்தாலும் "இருக்கு".

நாயைத் தூக்கிக்கொண்டு இருவரும் டாக்டர் ஷம்ஷாத்திடம் ஓடினார்கள். விலங்கு நரம்பு வைத்தியத்தில் பேர் எடுத்த பெண். சின்ன வயது, வேகமான பேச்சு.

"முதுகுத்தண்டுல கீழ் நரம்பு நசுங்கிப் போச்சுங்க. முன்னங்கால் ரெண்டும் ஜோரா இருக்குது. பின்னங்காலுக்கும் வாலுக்கும் மூளையில இருந்து தபால் போகலை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"சக்கரம் வெச்ச வண்டி கட்டி விடறாங்களே, அதாட்ட கட்டிக்கலாமுங்களா?" என்று ரங்கநாயகி கேட்டாள்.

"கட்டலாமுங்க. இன்னொரு வழியும் இருக்குது. அதோட வீட்டுத் தபால் வரலைன்னா, பக்கத்து வீட்டுத் தபாலைக் குடுத்துப் பாக்கறது." டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து விரல் அகலத்தில் ஒரு பெல்ட்டை எடுத்தார். "இதை ஒரு மனுசர் இடுப்புல கட்டிக்கோணும். அவர் நடக்கறப்போ முதுகுத்தண்டுல ஓடற தபாலை இது எடுத்து ஜமீனுக்கு அனுப்பும். இவர் நடந்தா அது பின்னங்கால் நடக்கும். இவர் உக்காந்தா அது உக்காரும். ஒரு கூடத்துத் தூரத்துக்குள்ள ரெண்டு பேரும் இருக்கோணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்."

"நாலு கால்ல ரெண்டு அதோடது, ரெண்டு நம்முளுது" என்றாள் ரங்கநாயகி, தனக்கே புரியவைத்துக்கொள்வது போல.

யாருடைய நடையை எடுப்பது என்று பார்க்க இருவரையும் ஒரு கறுப்பு விரிப்பின்மேல் நடக்கச் சொன்னார்கள். ரங்கநாயகி நடந்தபோது திரையில் கோடு மலைத்தொடர் போல ஏறி இறங்கியது. ஜமீன் முனகினால் ஒரு மாதிரி, கதவு திறந்தால் ஒரு மாதிரி. தெய்வசிகாமணி நடந்தார். கோடு தார்ச்சாலை மாதிரி நீண்டது.

டாக்டர் வியந்துபோனார். "சார் நடையில உணர்ச்சிங்கறதே இல்லீங்க! இந்த மாதிரி ஒரு நடை எங்களுக்குக் கிடைச்சதே இல்லை."

தெய்வசிகாமணி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

"வாலுக்கு என்ன பண்ணுவீங்க? மனுசனுக்கு ஏது வால்?" என்று கேட்டார்.

"வால் இருந்த இடம் இருக்குதுங்களே. முதுகு முடியற இடத்துல குட்டியா ஒரு எலும்பு. நமக்குச் சந்தோஷம் வந்தாலோ பயம் வந்தாலோ அந்த இடத்துல ஒரு துடிப்பு வரும், நமக்கே தெரியாது. அதைத்தான் ஜமீன் வாலுக்குக் கட்டறோம். வால் அசைஞ்சாத்தான் நாய்க்கு, தான் நாய்ங்கற நெனப்பே இருக்குமுங்க."

ரங்கநாயகி கண்ணை அகல விரித்தாள். "அப்ப இவருக்குச் சந்தோஷம் வந்தா ஜமீன் வாலாட்டுமா?"

"ஆமாங்க."

"அப்ப அது ஆட்டவே ஆட்டாதுங்க" என்றாள்.

ஜமீனின் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, அவர் இடுப்பில் பெல்ட் கட்டியதும் புது வாழ்க்கை தொடங்கியது. தெய்வசிகாமணி எழுந்தால் ஜமீனின் பின்பாதி எழுந்தது. அவர் கால்மேல் கால் போட்டால் அதுவும் போட்டுக்கொண்டு, குடைசாய்ந்து விழுந்தது. அவர் குந்தி உட்கார்ந்து செருப்பு வாரைக் கட்டினால், நடுத்தெருவில் அதுவும் குந்தியது. போகிறவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அதற்கு நடக்கவேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அவர் நடந்தாகவேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அது முன்னங்காலால் தரையைப் பிறாண்டினால், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்து சாப்பிடுவார். மாடிப்படி ஏறும்போது மட்டும் இருவருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் ஒரு படி ஏறினால் அதற்கு இரண்டு படி வேண்டியிருந்தது.

பெல்ட் கால்களைத்தான் நடத்தியது; வயிற்றுக்குள் இருப்பதை ஒன்றும் செய்யவில்லை. ஜமீனுக்குச் சிறுநீர் தானாக இறங்காது. காலை, மதியம், மாலை, படுக்குமுன் என்று யாராவது அதைப் பக்கவாட்டில் கிடத்தி, அடிவயிற்றில் பையைத் தேடிப் பிடித்து, மெல்ல அழுத்தி வெளியே எடுக்கவேண்டும். தேய்ந்து புண்ணான முழங்காலுக்கு எரியும் மருந்து போடவேண்டும். நனைந்த விரிப்பை மாற்றி, பின்பக்கத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவேண்டும். இவ்வளவையும் ரங்கநாயகிதான் செய்தாள். அவர் கம்பெனிக்கு ஜமீனையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்ததால், மதியம் சாப்பாட்டுக் கூடையோடு பஸ் ஏறி வந்து, கணவருக்கு இலை போட்டுவிட்டு நாய்க்கு வயிற்றை அழுத்திவிட்டுப் போவாள்.

கம்பெனியில் முதலில் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். மேலாளர் நடைபாதையில் வருவார். பின்னால் அதே கம்பீரத்தோடு இரண்டு நாய்க்கால்கள் வரும். வால் மட்டும் நனைந்த கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "சாருக்குச் சந்தோஷம் வரலை" என்று அவருடைய கார் டிரைவர் ஆரோக்கியசாமி எல்லாருக்கும் விளக்கம் சொன்னான். பெல்ட்டின் சங்கதி முழுவதையும் அவன் ரங்கநாயகி வாயாலேயே கேட்டுத் தெரிந்து வைத்திருந்தான். அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

கோடை வந்தது. வார்ப்புப் பிரிவில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், தலைக்குமேல் பெரிய மின்விசிறிகள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெய்வசிகாமணி மறுத்துக்கொண்டே இருந்தார். சங்கத் தலைவர் காளியண்ணன் அன்றைக்கு அவர் அறைக்கே வந்து, கையோடு கொண்டுவந்த மேஜை விசிறியைத் தரையில் வைத்துப் போட்டுவிட்டார்.

"இந்தக் காத்துதானுங்க சார் கேக்கறோம்."

"நடக்காத காரியம், காளியண்ணன்."

அப்போதுதான் ஜமீனின் வால் ஆடியது. முதலில் நுனி மட்டும். பிறகு முழு வாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு தரையைத் தட்டியது. காளியண்ணன் வாலைப் பார்த்தார், மேலாளரின் முகத்தைப் பார்த்தார், மறுபடி வாலைப் பார்த்தார்.

"சார்! உங்க மனசுல இம்புட்டு ஆசை இருக்குதுன்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சுங்களே!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது நான் இல்லைங்க. நாய்" என்றார் தெய்வசிகாமணி.

"வாய் அப்படித்தானுங்க சொல்லும்."

செய்தி முதலாளிக்குப் போயிற்று. "தெய்வசிகாமணியோட வாலே ஒத்துக்கிச்சுன்னா நான் என்ன தடுக்கறது?" என்றாராம் அவர். விசிறிகள் வந்தன. வார்ப்புப் பிரிவில் மயங்கி விழுவது நின்றது. தொழிலாளர்கள் ஜமீனுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அது சால்வையைக் கடித்துப் பார்த்துவிட்டு வாலாட்டியது. மேலாளர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அறைக்குள் வந்ததும் குனிந்து, ஜமீனின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் கோரிக்கையைச் சொன்னார்கள். "பொண்ணுக்கு நிச்சயதார்த்தமுங்க, மூணு நாள் லீவு வேணுமுங்க" என்று வாலிடம் சொல்லிவிட்டு, அது அசைகிறதா என்று பொறுமையாக நிற்பார்கள். பிஸ்கட் வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது.

எல்லாம் நல்லபடியாகவே போகவில்லை. கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்த துரைராஜன் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் தெய்வசிகாமணி மேடையேறி, "திரு. துரைராஜன் அவர்களின் பிரிவு இந்த நிறுவனத்துக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று படித்தார். அந்த நேரம் பின்வாசல் வழியாக மட்டன் பிரியாணி அண்டா உள்ளே வந்தது. மேடையில் ஜமீனின் வால் விசிறியை விட வேகமாகச் சுழன்றது. துரைராஜன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "என்னை அனுப்பறதுல இத்தனை சந்தோஷமா சார் உங்களுக்கு?" என்று கேட்டார். சாப்பிடாமலேயே போய்விட்டார். தெய்வசிகாமணி அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அங்கே ஒரு பூனை இருந்தது. நிலைமை இன்னும் மோசமாயிற்று.

ஆரம்பத்தில் "அது நான் இல்லை" என்று சொல்லிவந்தவர், போகப் போகத் தானே நம்பத் தொடங்கினார். தனக்குள் என்ன இருக்கிறது என்று அவர் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை; எட்டிப் பார்த்துச் சொல்ல வெளியே ஒருவர் கிடைத்ததும் அது வசதியாகத்தான் இருந்தது. தொழிலாளர்களுக்குக் காற்று கிடைத்ததில் தனக்கு ஆசை இருந்திருக்கிறது! துரைராஜனைத் தனக்குப் பிடிக்காமல் இருந்திருக்கிறது! ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்பழம் தின்றுகொண்டிருக்கும்போது, தனக்கு மாம்பழம் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் திரும்பி வாலைப் பார்த்தார். வால் அசையவில்லை. பாதி மாம்பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இதையெல்லாம் ரங்கநாயகி பேசாமல் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் கவனித்தது வேறொன்றும் உண்டு. ஆரோக்கியசாமி வந்தால் வால் ஆடியது. பால்காரர் வந்தால் ஆடியது. கறிவேப்பிலை கேட்க எதிர்வீட்டுப் பெண் வந்தால் ஆடியது. அவள் வந்தால் மட்டும் வால் மெல்லத் தாழ்ந்து, கால்களுக்கிடையே போய் ஒட்டிக்கொண்டது.

முதலில் தற்செயல் என்று நினைத்தாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வால் ஒடுங்கியது. தலைக்கு மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். ஒடுங்கியது. சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி எடுத்து வந்து வைத்தாள். வால் ஒடுங்கியே இருந்தது. அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனதும் நிமிர்ந்தது. கதவிடுக்கு வழியாக அதையும் பார்த்துவிட்டாள்.

அன்று மாலை அவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும்போது எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, உங்களை ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"பால்காரரைக் கண்டா ஆடுது. தொடப்பத்தைக் கண்டாக்கூட ஆடுது. என்னைக் கண்டா ஏன் அது செத்துப் போகுது? உங்க மனசுல என்னதான் இருக்குது?"

தெய்வசிகாமணி நேர்மையானவர். கொஞ்சம் பொய் தெரிந்திருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்பார். "என்ற மனசுல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியலையே. வால்ல பாத்தாத்தான் தெரியுது" என்றார்.

ரங்கநாயகி அழவில்லை. உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். பொள்ளாச்சியில் அவளுடைய அண்ணன் வீடு. கிளம்புமுன் ஜமீனைப் பக்கவாட்டில் கிடத்தி, அவர் கையைப் பிடித்து அதன் அடிவயிற்றில் வைத்தாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் அவர் கையை அப்படி அழுத்திப் பிடித்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"இங்க, உருண்டையா தட்டுப்படுதா? எலுமிச்சம்பழம் புழியறாட்ட அழுத்தாதீங்க. கனிஞ்ச தக்காளியை ஒடையாமப் புடிக்கறாட்ட. நிக்கற வரைக்கும் அழுத்தோணும். பாதில விட்டா சீக்கு வந்துரும். எரியற மருந்து நீலக் குப்பில இருக்குது. ஊதிக்கிட்டே போடுங்க." வாசற்படியில் திரும்பிப் பார்த்தாள். "என்னை நெனச்சு அது எப்பவாவது ஆடுச்சுன்னா போன் பண்ணுங்க."

அவள் போன பிறகுதான் ஜமீன் எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரிந்தது. முதல் தடவை உருண்டை தட்டுப்படவே இல்லை. இரண்டாவது தடவை தட்டுப்பட்டது. சிறுநீர் முழுவதும் அவருடைய வெள்ளை வேட்டியில் இறங்கியது. பின்னங்கால் அசையாமல் இருக்க அவர் காலை அசைக்காமல் இருக்கவேண்டும். அவருக்கோ மரத்துப்போன கால் இழுத்தது. இழுத்த வேகத்தில் ஜமீன் அவருடைய மூக்குக்கண்ணாடியை உதைத்துத் தள்ளியது. புண்ணுக்கு மருந்து போட்டபோது அது வலியில் அலறியது. அவர் ஊதினார். மேலாளராக இருந்த இத்தனை காலத்தில் அவர் யாருடைய புண்ணையும் ஊதியதில்லை. ஊதிக்கொண்டே, "சரி சரி, ஆச்சு ஆச்சு" என்று தன் வாயிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

நாளடைவில் கை பழகியது. விரலை வைத்ததுமே பை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. நின்றுவிட்டதா இன்னும் இருக்கிறதா என்பதும் தெரிந்தது. கம்பெனியில் மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவரே செய்தார். வெளியே காத்திருந்தவர்கள், உள்ளே சார் யாருக்கோ "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்படித்தான்" என்று கெஞ்சுவதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் வால் கெட்டுவிட்டது. அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒடுங்கி ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்தால் ஒடுங்கியது, உட்கார்ந்தால் ஒடுங்கியது. நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே இருப்பதால் நாள் முழுக்க ஒடுங்கியே இருந்தது. பிஸ்கட்டைக் காட்டினாலும் தயங்கித்தான் ஆடியது. வார்ப்புப் பிரிவில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கவலைப்பட்டார்கள். காளியண்ணன் தூக்குப் பாத்திரத்தில் ரசம் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் ஆரோக்கியசாமி பொள்ளாச்சிக்குப் போன் போட்டான்.

"அம்மா, சார் வால் ஒடுங்கிப்போச்சுங்க. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்குதுங்க. முகம் எப்பவும்போலத்தான் இருக்குது, அதை நம்பாதீங்க. வாலைப் பாத்தா மனுசன் உள்ளுக்குள்ள ஒடைஞ்சுட்டாருன்னு தெரியுதுங்க."

மறுநாள் காலை ரங்கநாயகி வந்து இறங்கினாள். தெய்வசிகாமணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஜமீன். அவள் கேட்டைத் திறந்ததுதான் தாமதம், ஜமீனின் வால் வெறிபிடித்தாற்போலச் சுழன்றது. தூணில் அடித்தது, அவர் முதுகில் அடித்தது, பூந்தொட்டியைத் தள்ளிவிட்டது. அது முன்னங்கால்களை ஊன்றி அவளை நோக்கி இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பின்பாதி படியிலேயே உட்கார்ந்திருந்தது. அது போகவேண்டுமென்றால் அவர் போகவேண்டும். எழுந்தார். அவர் நடக்க அது நடந்தது. அது வேகமாக இழுக்க அவரும் வேகமாக நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தெய்வசிகாமணி தம் மனைவியை நோக்கி ஓடினார்.

தெருவே பார்த்தது. ரங்கநாயகி பையைக் கீழே போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இம்புட்டு இருந்துருக்குது உள்ள" என்றாள். "இம்புட்டையும் வெச்சுக்கிட்டு…"

தெய்வசிகாமணியும் வாலைத் திரும்பிப் பார்த்தார். தனக்குள் இவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மருந்து போடுவதும் வயிற்றை அழுத்துவதும் அதன்பிறகும் அவர் வேலையாகவே இருந்தது. "நீ விடு, எனக்குக் கை பழகிருச்சு" என்று சொல்லிவிட்டார். வால் அவளைக் கண்டபோதெல்லாம் ஆடியது. ரங்கநாயகி அடுப்படிக்கும் கூடத்துக்கும் காரணமில்லாமல் நடந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது பெல்ட்டைச் சோதிக்க டாக்டர் ஷம்ஷாத்திடம் போனார்கள், தெய்வசிகாமணியும் ஜமீனும் மட்டும். டாக்டர் பெல்ட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"சார், வால் ஆடுதுன்னு சொன்னீங்களே?"

"நல்லா ஆடுதுங்க. சும்மாவே இருக்கறதில்லை."

"பெல்ட்டுக்குள்ள வாலுக்குன்னு இருக்கற ஒயர் அத்துப் போயிருக்குதுங்க. இன்னிக்கு நேத்து இல்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன முதல் வாரத்துலயே. அதுக்கப்புறம் உங்ககிட்ட இருந்து வாலுக்கு ஒரு தபாலும் போகலை."

தெய்வசிகாமணிக்குப் புரியவில்லை. "அப்ப ஆடறது யாரு?"

"ஜமீன்தானுங்க!" டாக்டர் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நசுங்கின நரம்பு தானாக் கூடியிருக்குது. இது நாங்க எதிர்பார்க்காததுங்க சார். முதல்ல வாலுக்குத் தபால் வந்திருக்குது. இனி காலுக்கும் வரும். நாலஞ்சு மாசத்துல பெல்ட்டையே கழட்டிறலாம். மூத்திரமும் தானா இறங்க ஆரம்பிச்சுரும்."

"அப்ப அந்த ஃபேன்…"

"எந்த ஃபேனுங்க?"

"ஒண்ணுமில்லை." ஜமீனின் தலையில் கை வைத்தார். அதற்குக் காற்று பிடித்திருக்கிறது. பிரியாணி பிடித்திருக்கிறது. மருந்து போடுகிறவர்களைக் கண்டால் பயம். அது ரங்கநாயகியாக இருந்தவரை அவளிடம் பயம், அவர் கைக்கு மாறிய பிறகு அவரிடம் பயம். அவ்வளவுதான் விஷயம். கதையில் தெய்வசிகாமணி என்று ஒருவர் எங்குமே இல்லை.

"இது நல்ல செய்தியாச்சே சார், ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்ல செய்திதானுங்க. ரொம்ப நல்ல செய்தி" என்றார் வழக்கமான முகத்தோடு.

வழியெல்லாம் காரில் யோசித்துக்கொண்டே வந்தார். கம்பெனியில் சொல்லவேண்டாம். விசிறியைக் கழற்றிவிடுவார்கள் என்றில்லை. காளியண்ணன் மனம் சங்கடப்படும். துரைராஜனிடம் மட்டும் சொல்லவேண்டும். ரங்கநாயகியிடம்? சொல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. வால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவர் ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை. நாயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் நுழைந்ததும் வால் ஆடியது. ரங்கநாயகி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வந்ததும் வராததுமா என்ன ஆட்டம்! டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள், அவரைப் பார்த்து வெட்கப்படுகிற மாதிரி.

அந்த வெட்கத்தைக் கண்டதும் அவரால் முடியவில்லை.

"அது நான் இல்லை, நாயகி" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். ஒயர், தபால், கூடிய நரம்பு.

ரங்கநாயகி மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஜமீனைப் பார்த்தாள்.

"அப்ப வயித்தை அமுக்கறேன்னுதான் அது என்னைக் கண்டு பயந்துச்சா?"

"ஆமா."

"அதுக்கா நான் பொள்ளாச்சிக்குப் போனேன்?" என்றவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். சிரிப்பு மெதுவாக அடங்கிய பிறகு, துணியை ஓரமாக வைத்தாள்.

"செரி. அது ஜமீன். நீங்க எப்படி இருந்தீங்க? நான் இல்லாதப்ப."

தெய்வசிகாமணி நின்றுகொண்டே இருந்தார். அவர் நிற்பதால் ஜமீனும் நின்றது. இத்தனை மாதமாகக் கேட்டுப் பழகிய இடத்தில் இனி கேட்க முடியாது. உள்ளேதான் பார்க்கவேண்டும். பார்த்தார். இருட்டாக இருந்தது, ஆனால் காலியாக இல்லை.

"நீ இல்லாத வீட்டுல எங்க உக்காரறதுன்னே தெரியலை" என்றார்.

"உக்காரறதா?"

"சோபால உக்காந்தா அடுப்படி தெரியுது. நாற்காலில உக்காந்தா நீ துணி மடிக்கற இடம் தெரியுது. அதான் வாசப்படிலயே உக்காந்துட்டு இருந்தேன். தெனமும்."

ரங்கநாயகி காதைச் சாய்த்துக் காட்டி, "ஜமீன் குலைச்சதுல காதுல விழுகலைங்க. இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

ஜமீன் குரைக்கவே இல்லை. படுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, அவர் உட்காருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்ப்புப் பிரிவில் உலைச் சத்தத்துக்கு மேல் பேசுகிற குரலில் சொன்னார்: "நீ இல்லாத வீட்டுல எங்க உக்காரறதுன்னு தெரியலைன்னு சொன்னேன்!"

"எனக்குக் கேட்டுச்சுங்க சார்!" என்று வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி பதில் கொடுத்தான்.

"உன்னை யாருப்பா கேட்டா?" என்று ரங்கநாயகி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சோபாவில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "இங்க உக்காந்துட்டுச் சொல்லுங்க. மெதுவாவே சொல்லலாம்."

அவர் போய் உட்கார்ந்தார். ஜமீனின் பின்பாதியும் நிம்மதியாகத் தரையில் இறங்கியது. மூன்றாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முகம் மட்டும் எப்போதும் போலவே இருந்தது.